ஃபோர்ட்ரானில் நீளம் தெரியாத வரிகளை முழுமையாகப் படிப்பது எப்படி

காவிரிப் படுகையில் பாசன நீர்க் கணக்கு பார்ப்பவர்களிடம் வந்து சேரும் கோப்புகளில் எண்கள் பெரும்பாலும் ஒழுங்காகவே இருக்கும். ஒழுங்கற்றது குறிப்புப் பத்திதான். ஒரு நாள் அது வெறுமையாக இருக்கும், மறுநாள் ‘மழை’ என்ற ஒரு சொல்லோடு நிற்கும், அதற்கு அடுத்த நாள் கரை உடைப்பு, மணல் மூட்டை, ஆள்கூலி, டிராக்டர் வாடகை என்று ஒரு பத்தியே ஒரே வரியில் வந்துவிடும். இத்தகைய கோப்பை, ஃபோர்ட்ரான் என்ற கணினி மொழியில் எழுதிய நிரலால் வரிவரியாக, ஒரு பைட்டும் (கணினி எழுத்துகளைச் சேமிக்கும் சிறு அலகு) குறையாமல் படிப்பதற்கான வழியை இங்கே எழுதுகிறேன்.

இந்தத் தேவை எனக்கு ஒரு தவற்றின் வழியாகத்தான் புரிந்தது. கும்பகோணத்தில் இருந்துகொண்டு மதகுவாரியான நீரோட்டக் குறிப்புகளைத் தொகுக்கும் வேலையில், முன்பு யாரோ எழுதி வைத்திருந்த ஃபோர்ட்ரான் 77 நிரல் ஒன்றை அப்படியே பயன்படுத்தி வந்தேன். அதன் வெளியீட்டில் ஒரு நாள் ‘மதகில் ஆகாயத்தாமர’ என்று ஒரு குறிப்பு முடிந்திருந்தது. எழுத்துப்பிழை என்று எண்ணி நானே ஐகாரத்தைச் சேர்த்துத் திருத்தினேன். அதே வாரத்தில் இன்னும் இரண்டு இடங்களிலும் அப்படியே திருத்தினேன். பிறகு சந்தேகம் வந்து வாய்க்காலையும் மதகையும் பார்த்துக்கொள்ளும் பணியாளரான லஸ்கரிடம் கேட்டபோது, “நான் முழுசாத்தான் சார் எழுதிக் குடுத்தேன், உங்க பேப்பர்லதான் பாதியைக் காணோம்” என்றார். அவர் சொன்னது சரி. மூலக் கோப்பில் ‘மதகில் ஆகாயத்தாமரை அடைத்துக்கொண்டது’ என்று முழு வாக்கியமும் இருந்தது.

தமிழில் வினைச்சொல் வாக்கியத்தின் கடைசியில் வருவதால் இந்தப் பிழையின் கேடு அதிகம். ‘அடைத்துக்கொண்டது’ என்பதும் ‘அகற்றப்பட்டது’ என்பதும் ஆகாயத்தாமரைக்குப் பிறகே வரும் சொற்கள். வரியின் வால் வெட்டுப்பட்டால் மதகு அடைபட்டதா, திறந்ததா என்பதே தெரியாமல் போகும். நிரலோ எந்தப் பிழைச் செய்தியும் தராமல் வேலையை முடித்துவிட்டு அமைதியாக நிற்கும்.

ஒரு சொல் முன்கூட்டியே: ஃபோர்ட்ரானின் கட்டளைச் சொற்களை ஒலிப்பின்படி தமிழ் எழுத்தில் தருகிறேன். நிரலில் தட்டச்சு செய்யும்போது அவற்றை ஆங்கில எழுத்தில் எழுதிக்கொள்ள வேண்டும்; மாறிகளின் பெயர்களும் ஆங்கில எழுத்தில்தான் இருக்க முடியும்.

வரி ஏன் வெட்டுப்படுகிறது

ஜான் பாக்கஸ் தலைமையில் ஐபிஎம் நிறுவனம் 1957-இல் வெளியிட்ட ஃபோர்ட்ரான், துளையிட்ட அட்டைகளின் காலத்து மொழி. ஓர் அட்டையில் 80 நெடுவரிசைகள், ஒன்றுக்கு ஓர் எழுத்து. ஆகவே ஒரு வரி என்றால் 80 எழுத்து என்பது அந்தக் காலத்தில் இயற்கை விதி போலவே இருந்தது. ஃபோர்ட்ரான் 77 கேரக்டர் என்ற எழுத்து வகையைத் தந்தபோதும் அதன் நீளத்தை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டியிருந்தது. 80 என்று அறிவித்த மாறிக்குள் 10 எழுத்து வந்தால் மீதி 70 இடங்களும் வெற்றிடங்களால் நிரப்பப்படும். 132 வந்தால் முதல் 80 மட்டும் வாங்கப்பட்டு, மிச்சம் கைவிடப்பட்டு, படிக்கச் சொல்லும் அடுத்த ‘ரீட்’ கூற்று அடுத்த வரிக்குப் போய்விடும். விதிப்படி இது பிழையே அல்ல என்பதால் நிரலைக் கணினிக்குப் புரியும் வடிவுக்கு மாற்றும் கம்பைலரும் வாய் திறப்பதில்லை.

அட்டைகள் மறைந்த பிறகும் இந்த மொழி நம் ஊர் வேலைகளில் இருந்து மறையவில்லை. நெற்பயிரின் வளர்ச்சியைக் கணிக்கும் ஒரைசா, பல பயிர்களுக்கான டிஎஸ்எஸ்ஏடி ஆகிய மாதிரிகள் ஃபோர்ட்ரானில் எழுதப்பட்டவை. குறுவைக்கும் சம்பாவுக்கும் தாளடிக்கும் தனித்தனியே அவற்றை ஓட்டிப் பார்க்க விரும்பும் மாணவர் எவரும், வானிலைக் கோப்பையோ மண் கோப்பையோ படிக்கும் இடத்தில் இந்தச் சிக்கலைச் சந்திக்கக்கூடும்.

கையில் வரும் இரண்டு எளிய வழிகள்

முதலாவது, எந்த வடிவில் படிப்பது என்று ரீட் கூற்றுக்குச் சொல்லும் வடிவக் குறிப்பின் இடத்தில் நட்சத்திரக் குறியை இட்டு எழுத்து மாறியை நேராகப் படிப்பது. எண்களுக்கு இது வசதி, வரிகளுக்குப் பொறி. மேற்கோள் குறிகள் இல்லாத எழுத்துத் தொடரை இந்த முறை வெற்றிடத்திலோ, காற்புள்ளியிலோ, சாய்கோட்டிலோ நிறுத்திவிடும். ‘மதகில் ஆகாயத்தாமரை’ என்பதில் ‘மதகில்’ மட்டுமே கிடைக்கும். சாய்கோடு இன்னும் மோசமானது. தேதியை 12/08 என்று எழுதியிருந்தால் முதல் மாறிக்கு 12 போகும், அந்தச் சாய்கோட்டோடு வாசிப்பு முழுவதுமே முடிந்துவிடும், பட்டியலில் மீதமுள்ள மாறிகள் முந்தைய வரியில் என்ன மதிப்பு வைத்திருந்தனவோ அதையே வைத்துக்கொண்டிருக்கும். அடுத்தடுத்து இரண்டு காற்புள்ளிகள் வந்தாலும் அப்படியே: அந்த இடத்து மாறியை வாசிப்பு தொடாது. நேற்றைய மழையளவு இன்றைய மழையளவாக வேடம் போட்டு வந்து நிற்பது இப்படித்தான். மதிப்புகள் குறைவாக உள்ள வரி வந்தால், நிரல் அடுத்த வரிக்குள் கைநீட்டி மீதியை எடுத்துக்கொள்ளும். அதன் பிறகு ஒவ்வொரு வரியும் தடம் மாறும்.

இரண்டாவது வழி, 1000 அல்லது 5000 என்று பெரிய நீளத்தை அறிவித்துவிட்டு, அடைப்புக்குறிக்குள் ‘ஏ’ என்ற எழுத்து மட்டும் உள்ள வடிவக் குறிப்பால் படித்து, பின்வரும் வெற்றிடங்களை ‘ட்ரிம்’ கொண்டு நீக்குவது. ஒரு மாலைக்கு மட்டும் தேவைப்படும் சிறு வேலைக்கு இதை நான் குறை சொல்ல மாட்டேன், நானும் செய்வதுண்டு. ஆனால் கோப்பில் உண்மையாகவே வரி இறுதியில் வெற்றிடம் இருந்ததா, அது மாறியை நிரப்ப வந்த வெற்றிடமா என்பதை இந்த வழியில் பிரித்தறிய முடியாது. 5000-ஐ மீறிய வரி வந்தால் பழைய கதைதான்.

துண்டு துண்டாக அளப்பது

முறையான வழிக்கு இரண்டு கருவிகள் வேண்டும். ஒன்று ஃபோர்ட்ரான் 90 தந்தது: ஒரு வாசிப்பு முடிந்தாலும் அடுத்த வரிக்குத் தாவாமல், விட்ட இடத்திலேயே நிற்கும் வாசிப்பு. மற்றொன்று ஃபோர்ட்ரான் 2003 தந்தது: ஓடும்போது தன் நீளத்தைத் தானே மாற்றிக்கொள்ளும் எழுத்து மாறி. இவ்விரண்டையும் சேர்த்தால், களத்துமேட்டில் நெல் அம்பாரத்தை மரக்காலால் அளப்பது போல, எவ்வளவு நீளமான வரியையும் நிலையான ஒரு சிறு அளவையால் அளந்து வாங்கிவிடலாம்.

இதைத் தனித் துணைநிரலாக எழுதுவதே நல்லது. அதற்கு உள்ளே வர வேண்டியது கோப்பின் அலகு எண், அதாவது திறந்த கோப்பை நிரல் அடையாளம் காணும் எண். வெளியே போக வேண்டியவை படித்த வரியும் நிலைமை எண்ணும். முதலில் ‘ஐஎஸ்ஓ ஃபோர்ட்ரான் என்வ்’ என்ற உள்ளமைந்த தொகுதியை ‘யூஸ்’ கூற்றால் அழைத்து, அதிலிருந்து ‘ஐஓஸ்டாட் எண்ட்’, ‘ஐஓஸ்டாட் ஈஓஆர்’ என்ற இரண்டு மாறிலிகளை எடுத்துக்கொள்ள வேண்டும். இப்பெயர்களில் சொற்களுக்கு இடையே வெற்றிடம் இல்லை, அடிக்கோடு வரும். முன்னது கோப்பு முடிந்தது என்பதற்கும், பின்னது வரி முடிந்தது என்பதற்கும் உரிய எண்கள். ஜிஃபோர்ட்ரான் என்ற கம்பைலரில் அவை முறையே -1, -2. ஆனாலும் அந்த எண்களை நிரலில் நேராக எழுதிவிடாதீர்கள். இரண்டும் எதிர்மறை எண்களாக இருக்க வேண்டும், ஒன்றுக்கொன்று வேறாக இருக்க வேண்டும் என்பது மட்டுமே தர விதி. எந்த எண் என்பது கம்பைலரின் விருப்பம்.

அடுத்து அறிவிப்புகள். வரிக்கான மாறியை, கேரக்டர் என்று எழுதி, அடைப்புக்குறிக்குள் ‘லென்’ என்பதற்குச் சமக்குறி இட்டு, எண்ணுக்குப் பதிலாக முக்காற்புள்ளி ஒன்றை மட்டும் வைத்து, ‘அலகேட்டபிள்’ என்ற பண்போடு அறிவிக்க வேண்டும். நீளம் பிறகு தீர்மானிக்கப்படும் என்பதே அந்த முக்காற்புள்ளியின் பொருள். துண்டுக்கான மாறி வழக்கமான நிலை நீளம் கொண்டது. இந்தக் கட்டுரையில் அதை 64 என்று கொள்வோம். வந்த எழுத்துகளின் எண்ணிக்கைக்கு ஒரு முழு எண் மாறியும், பிழைச் செய்திக்கு 200 நீளமுள்ள ஓர் எழுத்து மாறியும் போதும்.

செயற்பகுதி சிறியது. தொடக்கத்தில் வரி மாறிக்கு வெற்றுத் தொடரை, அதாவது இடையில் எதுவும் இல்லாத இரண்டு மேற்கோள் குறிகளை, மதிப்பாகக் கொடுக்க வேண்டும். இதை மறந்தால் முதல் ஒட்டலிலேயே நினைவக ஒதுக்கீடு இல்லாத மாறியைத் தொட்டு நிரல் விழக்கூடும். பிறகு முடிவற்ற ஒரு ‘டூ’ சுழற்சி. அதன் உள்ளே ஒரே ஒரு ரீட் கூற்று: முதலில் அலகு எண், பிறகு ‘ஏ’ வடிவக் குறிப்பு, பிறகு ‘அட்வான்ஸ்’ என்பதற்கு மேற்கோளுக்குள் ‘நோ’, ‘சைஸ்’ என்பதற்கு எண்ணிக்கை மாறி, ‘ஐஓஸ்டாட்’ என்பதற்கு நிலைமை மாறி, ‘ஐஓஎம்எஸ்ஜி’ என்பதற்குச் செய்தி மாறி, அடைப்புக்குறிக்கு வெளியே துண்டு மாறி. அட்வான்ஸ் குறிப்பை நட்சத்திர வடிவத்தோடு சேர்க்க முடியாது. வெளிப்படையான வடிவக் குறிப்பு கட்டாயம்.

ரீட் கூற்று முடிந்ததும் நிலைமை எண் சொல்லும் சேதி மூன்று வகைப்படும், மூன்றுக்கும் தனித்தனி நடவடிக்கை உண்டு. சுழியம் என்றால் துண்டு முழுவதும் நிரம்பியது, வரியில் இன்னும் இருக்கலாம் என்று பொருள். துண்டை வரியின் பின்னால் இரட்டைச் சாய்கோட்டால் ஒட்டிவிட்டு மீண்டும் சுற்ற வேண்டும். வரி முடிந்தது என்ற எண் வந்தால், துண்டின் முதல் எழுத்திலிருந்து எண்ணிக்கை மாறி சொல்லும் எழுத்து வரை மட்டும் ஒட்டி, நிலைமையைச் சுழியமாக்கி, சுழற்சியை விட்டு வெளியேற வேண்டும். அப்போது கோப்பு தானாகவே அடுத்த வரியின் தலைப்பில் நிற்கும், நாம் எதையும் தாண்ட வேண்டியதில்லை. இவ்விரண்டும் அல்லாத எதுவும் கோப்பின் முடிவாகவோ நேர்மறை எண்ணோடு வரும் உண்மையான பிழையாகவோ இருக்கும். நிலைமையை மாற்றாமல் அழைத்தவரிடமே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அந்த நிலையில் துண்டு மாறியில் என்ன இருக்கிறது என்பதற்கு உத்தரவாதம் இல்லை. அதை வரியோடு ஒட்டக் கூடாது.

எண்ணிக்கை மாறி நிரப்பு வெற்றிடங்களைக் கணக்கில் சேர்ப்பதில்லை. கோப்பிலிருந்து உண்மையாக வந்த எழுத்துகளையே எண்ணுகிறது. வரி இறுதியில் மூன்று வெற்றிடங்கள் இருந்தால் அந்த மூன்றும் வரியோடு வந்து சேரும். இனி ட்ரிம் தேவைப்படுவது உங்கள் விருப்பத்தால் மட்டுமே.

ஒரு வரியை அளந்து பார்ப்போம்

அன்று வெட்டுப்பட்ட வரியைப் போலவே எடுத்துக்காட்டுக்காக நான் அமைத்துக்கொண்ட வரி இது:

12-08;வெண்ணாறு;மதகில் ஆகாயத்தாமரை அடைத்துக்கொண்டது

எழுத்துகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 குறிமுறையில் எண்கள், கோடு, அரைப்புள்ளி, வெற்றிடம் ஆகியவை ஒவ்வொன்றும் ஒரு பைட். தமிழில் உயிர், அகரமேறிய மெய், உயிர்க்குறி, புள்ளி என்று ஒவ்வொன்றும் 3 பைட். ‘வெண்ணாறு’ கண்ணுக்கு நான்கு எழுத்து. கணினிக்கு 8 குறிகள், 24 பைட்டுகள். வரி முழுவதும் 50 குறிகள். அவற்றில் 41 தமிழ்க் குறிகள் 123 பைட், மற்ற 9 குறிகள் 9 பைட், ஆக 132 பைட்டுகள். (சில தட்டச்சு மென்பொருள்கள் ‘கொ’ என்பதன் ஒகரக் குறியை இரண்டாகப் பிரித்து இடும், அவ்வாறு எழுதிய கோப்பில் இதே வரி 135 பைட்டாக இருக்கும்.) ஃபோர்ட்ரானின் வழக்கமான எழுத்து வகை பைட்டைத்தான் எண்ணுகிறது. என் பழைய நிரலின் 80 என்ற எல்லை, ஆகாயத்தாமரையின் ரகரத்துக்கும் ஐகாரக் குறிக்கும் இடையே மிகச் சரியாக விழுந்திருக்கிறது. எழுத்து சிதைந்து கட்டமாகவோ வினாக்குறியாகவோ தெரிந்திருந்தால் அன்றே கண்டுபிடித்திருப்பேன். சுத்தமாக வெட்டுப்பட்டதால்தான் எழுத்துப்பிழை என்று ஏமாந்தேன்.

இப்போது 64 நீளத் துண்டால் அளந்தால், முதல் வாசிப்பு 64 பைட்டை வாங்கிக்கொண்டு சுழியம் தருகிறது. அந்தத் துண்டின் முனை ‘ஆகாயத்தாமரை’யின் முதல் தகரத்துக்குள்ளேயே விழுகிறது: அதன் மூன்று பைட்டுகளில் இரண்டு இந்தத் துண்டிலும், மூன்றாவது அடுத்த துண்டின் தலையிலும் இருக்கின்றன. இதற்காக அஞ்ச வேண்டியதில்லை. ஒட்டியதும் தகரம் மீண்டும் முழுதாகிவிடும். சோதிக்கும்போது துண்டைத் தனியாகத் திரையில் அச்சிட்டால் மட்டும் கடைசியில் ஒரு விகாரமான குறி தெரியும். அதைப் பார்த்து நிரலைத் திருத்தப் போகாதீர்கள். இரண்டாம் வாசிப்பு இன்னும் 64 தருகிறது, மொத்தம் 128. மூன்றாவது வாசிப்பில் எண்ணிக்கை 4, நிலைமை வரி முடிந்தது. கணக்கு நேராகிறது.

வரியின் நீளம் துண்டின் மடங்காக அமைந்துவிட்டால் என்ன ஆகும் என்ற கேள்வி இங்கே எழும். துண்டை 66 என்று வைத்தால் 132 சரியாக இரண்டு துண்டு. இரண்டாம் துண்டு நிரம்பியபோதும் நிலைமை சுழியம்தான். வரி முடிந்ததை நிரல் இன்னும் அறியவில்லை. கடைசி மரக்கால் தலைதட்ட நிறைந்துவிட்டால், களத்தில் நெல் மிச்சமில்லை என்பதை மறுபடி ஒருமுறை கைவிட்டுப் பார்த்துத்தானே அறிய வேண்டியிருக்கிறது? மூன்றாவது வாசிப்பு எண்ணிக்கை சுழியத்தோடு வரி முடிந்தது என்று சொல்லும். துண்டின் 1 முதல் 0 வரை என்ற பகுதி ஃபோர்ட்ரானில் சட்டப்படியான வெற்றுத் தொடர். அதை ஒட்டினால் எதுவும் சேராது, பிழையும் வராது. தனி நிபந்தனை எழுதத் தேவையில்லை.

வெற்று வரியும் இதே வகைதான். முதல் வாசிப்பிலேயே எண்ணிக்கை 0, நிலைமை வரி முடிந்தது. கிடைப்பது நீளம் சுழியமான வரி. இதைக் கோப்பு முடிந்ததாக எண்ணி வாசிப்பை நிறுத்திவிடுவது புதியவர்கள் செய்யும் தவறு. நிலைமை எண் எதிர்மறையா என்று மட்டும் சோதித்தால் இந்தத் தவறு நேரும், ஏனெனில் இரண்டு முடிவுகளுமே எதிர்மறை எண்கள்.

கோப்பின் இரு முனைகளிலும் ஒளிந்திருப்பவை

கடைசி வரிக்குப் பின் என்டர் தட்டாமலே சேமிக்கப்பட்ட கோப்புகள் நிறைய வரும். அந்த வரியை ஃபோர்ட்ரான் எப்படி எடுத்துக்கொள்ளும் என்பது கம்பைலரைப் பொறுத்தது. ஆகவே கோப்பு முடிந்தது என்ற எண் வரும்போது, வரி மாறியில் ஏற்கெனவே ஏதேனும் சேர்ந்திருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் அதை ஒரு முழு வரியாகவே கொடுத்துவிடுங்கள். முடிவு என்ற சேதி அடுத்த அழைப்பில் போகட்டும். அதைவிட எளிது, கோப்பின் இறுதியில் ஒரு வெற்று வரி சேர்த்துவிடுவது. வெளியிலிருந்து வரும் கோப்புகளுக்கு நான் இதையே முதல் வேலையாகச் செய்கிறேன்.

விண்டோஸில் உருவான கோப்பில் ஒவ்வொரு வரியின் இறுதியிலும் இரண்டு குறிகள் இருக்கும்: 13-ஆம் குறியும் 10-ஆம் குறியும். லினக்ஸில் படிக்கும்போது சில கம்பைலர்கள் இரண்டையும் விழுங்கிவிடும். சில 13-ஐ வரியின் கடைசி எழுத்தாக விட்டுவிடும். கண்ணுக்குத் தெரியாத அந்த எழுத்தால் ‘வெண்ணாறு’ என்பது ‘வெண்ணாறு’க்குச் சமமில்லை என்று நிரல் சாதிக்கும். ஆகவே வரி முழுதாகச் சேர்ந்ததும், அதன் கடைசி எழுத்து ‘ஏகார்’ சார்பால் கிடைக்கும் 13-ஆம் குறியா என்று பார்த்து நீக்க வேண்டும். இதில் ஒரு நுணுக்கம் உண்டு: வரியின் நீளம் சுழியத்துக்கு மேலா என்பதையும் கடைசி எழுத்து என்ன என்பதையும் ‘அண்டு’ கொண்டு ஒரே நிபந்தனையில் இணைக்காதீர்கள். முதல் பகுதி பொய்யானால் இரண்டாம் பகுதியைப் பார்க்காமல் விடுவேன் என்று ஃபோர்ட்ரான் எங்கும் வாக்குக் கொடுக்கவில்லை. வெற்று வரி வரும்போது இல்லாத எழுத்தைத் தேடி நிரல் விழலாம். ஓர் ‘இஃப்’ உள்ளே இன்னோர் ‘இஃப்’ என்று எழுதுவதே பாதுகாப்பு.

முதல் வரியின் தொடக்கத்தில் சில மென்பொருள்கள் 239, 187, 191 என்ற மூன்று பைட்டுகளை யூடிஎஃப்-8 அடையாளமாக இட்டுவைக்கும். முதல் வரியில் மட்டும் சோதித்து நீக்கினால் போதும்.

வரி கைக்கு வந்த பிறகு

அரைப்புள்ளி இருக்கும் இடத்தை ‘இண்டெக்ஸ்’ சார்பால் கண்டறிந்து புலங்களைப் பிரிக்கலாம். எண் புலம் என்றால், பிரித்த தொடரையே கோப்பு போலக் கருதி அதிலிருந்து ரீட் செய்யலாம். அங்கே நட்சத்திர வடிவம் நல்ல துணை. ஆனால் புலம் வெறுமையாக இருந்தால் கோப்பு முடிந்தது என்ற நிலைமை எழும். ஐஓஸ்டாட் கொடுக்காமல் விட்டால் நிரல் அங்கேயே நின்றுவிடும்; அதைவிடக் கேடு, நிலைமையைப் பெற்றுக்கொண்டு சோதிக்காமல் போவது. பின்வரும் வெற்றிடங்களை நீக்கிய நீளத்தைத் தரும் ‘லென் ட்ரிம்’ சுழியமா என்று முதலில் பார்த்து, அளவீடு இல்லை என்பதற்கு உரிய எண்ணை வைத்துவிட்டு நகருங்கள். மழை இல்லை என்பதும் மழை அளக்கப்படவில்லை என்பதும் வேறு வேறு. 0 என்று நிரப்புவது பொய்க்கணக்கு.

வேகம் பற்றிய கவலை சிலருக்கு இருக்கும். ஒவ்வோர் ஒட்டலிலும் வரி முழுவதும் புதிய இடத்துக்குப் படியெடுக்கப்படுவதால், மிக நீண்ட வரிகளில் இது மந்தமாகும் என்பது உண்மையே. ஆனால் மேட்டூர் அணையை வழக்கப்படி ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடினால் பாசனப் பருவம் 231 நாள். 12 மதகுகளுக்கு நாளொன்றுக்கு ஒரு வரி என்றாலும் 2772 வரிகள். இதற்கு நுட்பம் தேடுவது வீண். துண்டை 256 அல்லது 1024 என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலான வரிகள் ஒரே வாசிப்பில் முடிந்துவிடும். எடுத்துக்காட்டுக்காக மட்டுமே நான் 64 என்று சிறிதாக வைத்தேன்.

வரிகள் உண்மையிலேயே பல மெகாபைட் நீளமாக இருந்தால் வழி வேறு. கோப்பின் பைட் அளவை ‘இன்கொயர்’ கூற்றின் சைஸ் குறிப்பால் அறிந்து, அவ்வளவு நீளத்துக்கு ஓர் எழுத்து மாறியை ஒதுக்கி, ‘ஆக்ஸஸ்’ என்பதற்கு ‘ஸ்ட்ரீம்’ என்றும் ‘ஃபார்ம்’ என்பதற்கு ‘அன்ஃபார்மட்டட்’ என்றும் கொடுத்துக் கோப்பைத் திறந்து, ஒரே வாசிப்பில் முழுவதையும் உள்ளே இழுத்து, 10-ஆம் குறி வரும் இடங்களில் வெட்டிக்கொள்ளலாம். விசைப்பலகையிலிருந்தோ இன்னொரு நிரலின் வெளியீட்டிலிருந்தோ வரும் உள்ளீட்டுக்கு இது ஒத்துவராது. அதன் அளவு முன்கூட்டித் தெரியாது.

தானே எழுத விரும்பாதவர்களுக்கு, ஃபோர்ட்ரான் சமூகத்தின் திறமூல நூலகமான ஸ்டிட்லிப்பில் ‘கெட்லைன்’ என்ற துணைநிரல் இதே வேலையைச் செய்கிறது. இருந்தும் ஒருமுறையாவது கையால் எழுதிப் பார்ப்பதையே நான் விரும்புவேன். மொத்தம் சில பத்து வரிகள்தான்.

சோதிக்காமல் விடாதீர்கள்

கோப்பைத் திறக்கும்போது அலகு எண்ணை நீங்களே 10, 20 என்று தேர்ந்தெடுக்காமல், ஃபோர்ட்ரான் 2008 தந்த ‘நியூயூனிட்’ குறிப்பால் அமைப்பிடமே கேட்டு வாங்குங்கள்; ‘ஆக்ஷன்’ என்பதற்கு ‘ரீட்’ என்று கொடுத்துவிட்டால் மூலக் கோப்பு தவறுதலாகக்கூட எழுதப்படாது. பிறகு சோதனைக்கென்று ஒரு கோப்பு தயாரியுங்கள். அதில் ஒரு வெற்று வரி, ஒரே எழுத்துள்ள வரி, 63, 64, 65, 128 பைட் நீளமுள்ள வரிகள், இறுதியில் மூன்று வெற்றிடங்கள் உள்ள வரி, மேலே கண்ட வெண்ணாற்று வரி, கடைசியில் என்டர் இல்லாத ஒரு வரி ஆகியவை இருக்கட்டும். எல்லை மீறலைச் சோதிக்கும் கம்பைலர் தேர்வை இட்டுக் கம்பைல் செய்து ஓட்டுங்கள். ஒவ்வொரு வரியையும் இருபுறமும் செங்குத்துக் கோடு இட்டு, பக்கத்தில் அதன் நீளத்தையும் அச்சிட்டால், ஒட்டிக்கொண்ட 13-ஆம் குறியும் காணாமல் போன வெற்றிடமும் உடனே காட்டிக்கொடுத்துவிடும். அதே கோப்பை விண்டோஸ் வகை வரி முடிவுகளோடு இன்னொரு முறை சேமித்தும் ஓட்டிப் பாருங்கள். இரண்டு வெளியீடுகளும் ஓர் எழுத்துகூட மாறக் கூடாது. துண்டின் நீளத்தை 64-இலிருந்து 66 ஆகவும், பிறகு 1 ஆகவும் மாற்றி மீண்டும் ஓட்டும்போதும் வெண்ணாற்று வரியின் பக்கத்தில் 132 என்றே வர வேண்டும். அதன் வலப்புறச் செங்குத்துக் கோடு ‘அடைத்துக்கொண்டது’ என்ற சொல்லை ஒட்டியே நிற்க வேண்டும்.